ஒரு கரண்டி சீனி

கம்பிக்கு அந்தப் பக்கம் அப்பா கிடக்கிறார், இந்தப் பக்கம் நான் நிற்கிறேன், நடுவில் ஒரு சங்கிலியும் பூட்டும், அவ்வளவுதான் விஷயம், இதைப் புரிந்துகொள்ள யாரும் பெரிய படிப்புப் படிக்க வேண்டாம், ஆனால் செக்யூரிட்டி அக்காவுக்குப் புரியமாட்டேன் என்கிறது. "ஒரு பேஷண்டுக்கு ஒரு ஆளு. உங்க ஆளு உள்ள போயாச்சு" என்கிறாள். உள்ளே போன அந்த ஆள் என் சித்தப்பா. அவருக்கு ஒன்றும் தெரியாது. எனக்குத் தெரியும். தெரியாதவர் உள்ளே, தெரிந்தவள் வெளியே, இந்தப் பெரியாஸ்பத்திரியை யார் கட்டினார்களோ அவர்கள் வாசலை இதற்காகவே வைத்த மாதிரி இருக்கிறது. "அக்கா, நான் பாக்க வரல, சொல்ல வந்தேன், ஒரே ஒரு வார்த்தை நர்ஸ்கிட்ட சொல்லிட்டு வந்துர்றேன்" என்றேன். "இங்க நிக்கிற எல்லாரும் ஒரு வார்த்தைதான் சொல்லணும்ங்கிறாங்க. பார்வை நேரம் முடிஞ்சிருச்சு. தள்ளி நில்லு" என்றாள். அவள் சொல்வதும் நிஜம்தான். எனக்குப் பின்னால் என் தெருவே நிற்கிறது. அப்பாவைக் குட்டியானை லோடு வண்டியில் தூக்கிப் போட்டபோது தெருவில் இருந்தவர்கள் எல்லாரும் பின்னாலேயே ஏறிவிட்டார்கள். எங்கள் தெருவில் அப்படித்தான், ஒருவருக்கு முடியவில்லை என்றால் பதினைந்து பேர் ஆஸ்பத்திரிக்கு வருவார்கள், வராவிட்டால் அடுத்த விசேஷத்தில் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். பதினைந்து பேரும் ஒரே நேரத்தில் உள்ளே நுழையப் பார்த்திருக்கிறார்கள், அவள் சங்கிலியை மாட்டிவிட்டாள். நானாக இருந்தாலும் மாட்டியிருப்பேன்.

கால் வலிக்கிறது. காலையிலிருந்து நின்றுகொண்டே இருக்கிற கால் இது. ஜவுளிக்கடையில் உட்காரக் கூடாது, போனும் வைத்திருக்கக் கூடாது, எல்லாம் மாடிப்படிக்குக் கீழே இருக்கிற பெட்டியில் போய்விடும். முன்பு சேலைப் பிரிவில் இருந்தேன், ஒரு அம்மாவிடம் இந்தச் சேலை ரெண்டு தண்ணியில் சாயம் போயிரும் என்று சொன்னதால் கைக்குட்டை, உள்பாவாடை விற்கிற மூலைக்கு மாற்றிவிட்டார்கள். டீ நேரத்தில் போனை எடுத்தால் அத்தனை மிஸ்டுகால். எல்லாம் எதிர்வீட்டு சரோசாக்கா. கூப்பிட்டால், "மோனி, பதறாத, அப்பாவப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோறோம்" என்றாள். பதறாதே என்று சொன்னால்தான் பதறும், இது அவளுக்குத் தெரியவேண்டாமா. மேனேஜரிடம் சொல்லவில்லை, ஓடி வந்துவிட்டேன், பஸ்ஸில் நிற்கும்போது பார்த்தால் இடது காலில் என் செருப்பு, வலது காலில் யாருடையதோ. வந்து சேர்ந்தால் இந்தச் சங்கிலி. இதே சரோசாக்கா இப்போது என் பக்கத்தில் நின்று என் தோளைத் தடவிக்கொண்டே இருக்கிறாள், எனக்குப் பிடிக்கவில்லை, ஆனால் கையை எடு என்று சொல்லவும் முடியவில்லை. அவள்தான் சொன்னாள், மத்தியானமே மொட்டைமாடியில் அப்பா தள்ளாடிக்கொண்டு நின்றாராம். உடம்பெல்லாம் வேர்வையாம். கேட்டதற்குக் குழறினாராம். பிடிக்கப் போனவளின் கையைத் தட்டிவிட்டாராம். "நாங்க என்னத்தா நெனப்போம், நீயே சொல்லு. மறுபடியும் ஆரம்பிச்சுட்டாருன்னு நெனச்சோம். தலையில ரெண்டு வாளி தண்ணி ஊத்துனோம். எலுமிச்சம்பழத்தப் புழிஞ்சு உப்புப் போட்டுக் குடுத்தேன், கொஞ்சம் குடிச்சாரு, மீதி வழிஞ்சுருச்சு. தெளியட்டும்னு படிக்கட்டு நெழல்லயே படுக்கவச்சோம்." உப்பு. அவள் உப்புப் போட்டிருக்கிறாள். குடித்தவனுக்கு உப்புப் போட்ட எலுமிச்சைச் சாறு, எங்கள் தெருவில் எல்லா வீட்டிலும் தெரிந்த வைத்தியம், அம்மா எத்தனையோ தடவை செய்திருக்கிறாள், நானே செய்திருக்கிறேன். அந்தத் தம்ளரில் உப்புக்குப் பதிலாக ஒரு கரண்டி சீனி விழுந்திருந்தால் அப்பா கால்மணி நேரத்தில் எழுந்து உட்கார்ந்து, என்னாச்சு ஏன் எல்லாரும் நிக்கிறீங்க என்று கேட்டிருப்பார். சீனி டப்பாவும் உப்பு டப்பாவும் சரோசாக்கா வீட்டு அலமாரியில் பக்கத்தில் பக்கத்தில்தான் இருக்கும். நான் பார்த்திருக்கிறேன். இரண்டும் ஒரே மாதிரி மூடி.

அப்பா குடிக்கவில்லை. அம்மா செத்ததிலிருந்து ஒரு சொட்டு கிடையாது. இது எனக்கு எப்படித் தெரியும் என்றால், நான்தான் தினமும் பக்கத்தில் போய் நின்று வாயை முகர்ந்து பார்ப்பேன், அவரும் ஊதிக் காட்டுவார், முதல் வருஷம் கோபத்தோடு, அப்புறம் சிரிப்போடு. குடித்துக் குடித்து சுகர் வந்தது, குடி போனது, சுகர் போகவில்லை. காலையில் தொப்பையைக் கிள்ளிப் பிடித்து ஊசியை அவரே போட்டுக்கொள்வார். சுகர் சிஸ்டர் ஒருத்தி என்னை உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தாள், ஊசி போட்டால் சாப்பிடணும், சாப்பிடலைன்னா சுகர் இறங்கிரும், வேர்க்கும், குழறும், அடிக்கக்கூட வருவாங்க, பாக்க குடிச்ச மாதிரியே இருக்கும், உடனே சீனியைக் குடு, யோசிக்காதே. பாக்க குடிச்ச மாதிரியே இருக்கும் என்று சொன்னபோது நான் சிரித்தேன். எங்க வீட்டுக்குப் பொருத்தமான வியாதி என்றேன். அந்த சிஸ்டர் சிரிக்கவில்லை. ஒருநாளும் ஊசியை விடக் கூடாது என்று அப்பாவிடமும் சொன்னாள், அப்பா ஒருநாளும் விடவில்லை, இன்றைக்கும் விடவில்லை. ஆனால் இன்றைக்கு ஆடி அமாவாசை. அம்மாவுக்குப் படைத்து, காக்கா வந்து வாய் வைத்த பிறகுதான் பச்சைத் தண்ணி. ஊசி சிஸ்டர் சொன்னது, விரதம் அம்மாவுக்கு, அவர் இரண்டு பேர் பேச்சையும் கேட்டிருக்கிறார். லேத் பட்டறையில் லீவு சொல்லிவிட்டு, விடியவே குளித்து, வாழைக்காய், பூசணிக்காய், அம்மாவுக்குப் பிடித்த உளுந்தவடை எல்லாம் அவரே செய்தார். சட்டைப்பையில் எப்போதும் ஒரு கடலைமிட்டாய் இருக்கும், தலை சுத்தினால் வாயில் போட்டுக்கொள்ள. அதையும் எடுத்து டிவி மேல் வைத்துவிட்டார், பசியில் கை தானாகப் போய்விடுமாம். நான் கடைக்குக் கிளம்பும்போது இலையை ஏந்திக்கொண்டு மொட்டைமாடியில் நின்று கா கா என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார். தெருமுனையில் இருந்த வாகை மரத்தை ரோட்டுக்காக வெட்டியபிறகு எங்கள் பக்கம் காக்கா வருவதே இல்லை, மாடியில் வடாம் காயப்போட்டால்கூட யாரும் காவல் இருப்பதில்லை. இது அவருக்கும் தெரியும். "வரலன்னா சாப்பிட்ருங்கப்பா" என்று கீழேயிருந்து கத்தினேன். "வருவாடி" என்றார். வரும் என்று சொல்லவில்லை. வருவா என்றார்.

சித்தப்பாவுக்கு போன் போட்டேன். எடுத்தார். "அப்பா ஊசி போட்டுட்டு சாப்பிடல சித்தப்பா, சுகர் எறங்கிருச்சு, டாக்டர்கிட்ட சொல்லுங்க" என்றேன். "என்ன ஊசி? பேசாம இரு மோனி. அண்ணன் தண்ணியப் போட்டுருக்கு, தெளிஞ்சா எந்திரிச்சிரும். இங்க வேன் கவுந்து ஒரு கூட்டமே ரத்தமும் சதையுமா கெடக்கு, அவங்களப் பாப்பாங்களா குடிச்சவனப் பாப்பாங்களா. எனக்கே மானம் போகுது." "குடிக்கல சித்தப்பா." "நீ கடையில இருந்த, ஒனக்கு எப்படித் தெரியும்? அதும் பொண்டாட்டி திதியன்னைக்கு. பெரியவங்க பாத்துக்கிறோம்." வைத்துவிட்டார். மறுபடி போட்டால் மணி அடிக்கிறது, எடுக்கவில்லை. மறுபடி. மறுபடி. அப்புறம் அணைத்தே வைத்துவிட்டார். சித்தப்பா கெட்டவர் இல்லை. தூக்கிக்கொண்டு ஓடியவர் அவர்தான். குடித்த அண்ணனை எத்தனையோ ராத்திரி சாக்கடை ஓரத்திலிருந்து தூக்கி வந்திருக்கிறார், அதே பாரம், அதே குழறல், அதே நனைந்த சட்டை, அவருடைய தோளுக்கு வித்தியாசம் தெரியவில்லை. அவருக்கு மட்டுமா. அப்பாவைத் தெரிந்த எல்லாருக்கும் அந்தப் பழைய அப்பாவைத்தான் தெரியும். புது அப்பாவைத் தெரிந்த ஒரே ஆள் கம்பிக்கு வெளியே நிற்கிறாள். இதே கம்பிதான். அம்மாவுக்குக் காய்ச்சல் முற்றி இங்கே கிடந்தபோது பெண்கள் வார்டில் பெண்தான் இருக்கணும் என்று என்னை உள்ளே விட்டார்கள், நான் ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்தேன். அப்பா குடித்துவிட்டு வந்து இங்கே நின்று கத்தினார், அப்போது இருந்த செக்யூரிட்டி சட்டையைப் பிடித்துத் தள்ளினான். அம்மா கேட்டாள், "ஒங்கப்பா எங்கடி?" "குடிச்சிட்டு வந்துருக்காரு, வெளிய நிக்கிறாரு, உள்ள விடல" என்றேன். அம்மா சிரித்தாள். உதடு வெடித்திருந்தது, சிரித்ததில் லேசாக ரத்தம் வந்தது. "நீயாவது ஒரு பொய் சொல்லக் கூடாதாடி" என்றாள். எனக்கு வராது. அம்மா போனதால்தான் மோனிஷா படிப்பை நிறுத்திவிட்டாள் என்று ஊரெல்லாம் சொல்கிறார்கள், அதுவும் பொய், எனக்குப் படிப்பு பிடிக்கவில்லை, அதனால் நிறுத்தினேன். அம்மா விடியும்போது போனாள். நான் வெளியே வந்து சொன்னபோது அப்பாவுக்குத் தெளிந்திருந்தது, இந்தச் சுவரோரமாகத்தான் உட்கார்ந்திருந்தார். அதோ அந்த இடம். இப்போது அங்கே ஒரு ஆள் தட்டுவண்டி போட்டு இட்லி விற்கிறார்.

அந்தச் சுவர் மேல் ஒரு காக்கா. யாரோ தின்றுவிட்டுப் போட்ட பொட்டலத்தைக் காலில் அழுத்திப் பிடித்துக்கொண்டு கொத்துகிறது. எனக்கு வந்த ஆத்திரத்தில் கல்லை எடுத்து எறிந்தேன். படவில்லை. இரண்டடி தள்ளி உட்கார்ந்து என்னைச் சாய்ந்து பார்த்துவிட்டு மறுபடி கொத்தியது. காலையில் எங்கே போயிருந்தாய், எச்சில் பொட்டலத்துக்கு வரத் தெரிகிறது, வாழை இலையில் வடை வைத்துக் கூப்பிட்டால் வரத் தெரியவில்லையா. "காக்காய எதுக்கும்மா அடிக்கிற, அதுவும் இன்னைக்கு" என்று ஒரு குரல். முக்காடு போட்ட ஒரு அம்மா, கையில் ஃபிளாஸ்க், கூடவே இரண்டு சின்னப் பிள்ளைகள். மகள் பிரசவ வார்டில் இருக்கிறாளாம், வெந்நீர் வாங்க வெளியே வந்தாராம். பேர் சபுரா. எல்லாரும் இங்கே யாரோ ஒருவருக்காக நிற்கிறார்கள். ஒருவன் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, பெண்டாட்டியையும் கூட்டிக்கொண்டு வந்து, காய்ச்சல் காய்ச்சல் என்று செக்யூரிட்டி அக்காவிடம் சொல்லிக்கொண்டிருந்தான், அவள் குழந்தையின் கழுத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு, அம்மாவும் பிள்ளையும் போங்க, நீ நில்லு என்று சங்கிலியைத் தூக்கினாள். நான் அந்த இடைவெளியில் நுழையப் பார்த்தேன். முழங்கையைப் பிடித்து நிறுத்திவிட்டாள். "ஒனக்கு எத்தன தடவ சொல்றது பாப்பா. உள்ள தள்ளுமுள்ளு ஆச்சுன்னா என் வேல போயிரும்." பக்கத்து அம்மன் கோயில் குழாய் ஸ்பீக்கரில் ஆடிப்பாட்டு அலறிக்கொண்டிருந்தது, அதற்கு மேல் கத்தினால்தான் கேட்கும், அதனால் கத்தினேன். "எங்கப்பா குடிக்கல. காலையில இன்சுலின் போட்டுட்டு விரதம் இருந்துட்டாரு. சீனி குடுக்கணும். சீனி குடுக்கலன்னா செத்துருவாரு." எங்கள் தெரு முழுக்க என்னைத் திரும்பிப் பார்த்தது. சரோசாக்காவின் கை என் தோளிலிருந்து தானாக எடுபட்டது. "அப்ப உப்பு..." என்றாள். செக்யூரிட்டி அக்கா, "அத உள்ள இருக்கவர்கிட்ட போன்ல சொல்லு" என்றாள். சொல்லியாச்சு, நம்பவில்லை, அணைத்துவிட்டார் என்றேன். அழுகை வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. அப்போது சபுராம்மா தன் இடுப்பிலிருந்து ரோஸ் கலர் பாஸை எடுத்து என் கையில் திணித்தார். "எம்மகளுக்கு இன்னும் நேரம் ஆகும்னுட்டாங்க. நீ போய்ட்டு வா. சீக்கிரம் வந்துரு தாயி, அவ என்னத் தேடுவா." ரோஸ் கலர் பிரசவ வார்டுக்கு. செக்யூரிட்டி அக்கா அந்த பாஸைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், எனக்குப் பின்னால் வெறுங்கையோடு நின்ற சபுராம்மாவைப் பார்த்தாள். அப்புறம் ரோட்டைப் பார்த்துக்கொண்டே சங்கிலியைத் தூக்கினாள்.

ஓடினேன், இரண்டு ஜாதிச் செருப்பும் வேறு வேறு சத்தம் போட்டது, பினாயில் வாடை, ஈரத்தரை, யாரோ ஓடாதே என்றார்கள். எமர்ஜென்சி அறைக்குள் கட்டில் எல்லாம் வேனில் அடிபட்டவர்கள். அப்பா உள்ளே இல்லை. வெளியே, நடையில், சுவரோரம் ஒரு ஸ்ட்ரெச்சரில் ஒருக்களித்துக் கிடந்தார், வாந்தி எடுத்தால் மூச்சு அடைக்கக் கூடாது என்று அப்படிப் படுக்கவைத்திருக்கிறார்கள். விபூதி வேர்வையில் கரைந்து புருவத்தில் வழிந்திருந்தது. வாயருகே போய் முகர்ந்தேன், பழக்கம். எலுமிச்சை வாடை. வேறு ஒன்றும் இல்லை. "அப்பா" என்றேன். ஊதிக் காட்டவில்லை. சித்தப்பா, "நீ எப்படி உள்ள வந்த" என்றார், அவருக்குப் பதில் சொல்ல எனக்கு நேரமில்லை, கடந்து போன நர்ஸின் கையைப் பிடித்துவிட்டேன், பிடிக்கக் கூடாதுதான், ரத்தக்கறை படிந்த கையுறை அது. "சிஸ்டர், எங்கப்பா சுகர் பேஷண்ட், இன்சுலின் போட்டுட்டு சாப்பிடல." அவள் நின்றாள். "குடிச்சிருக்காருன்னுதானே சொன்னாங்க?" என்று சித்தப்பாவைப் பார்த்தாள். சித்தப்பா என்னைப் பார்த்தார். அவள் விரலில் குத்தி, அந்தச் சின்ன மிஷினில் ரத்தத்தைத் தொட்டு வைத்தாள். எண்ணே வரவில்லை. குறைவு என்று மட்டும் இங்கிலீஷில் இரண்டு எழுத்து வந்தது. அதற்கு மேல் எனக்கு எல்லாம் துண்டு துண்டாகத்தான் தெரியும், ஓடினார்கள், கையில் நரம்பைத் தட்டினார்கள், பெரிய ஊசியில் குளுக்கோஸ் போனது, இன்னொன்று, சொட்டு மருந்துப் பாட்டில் தொங்கியது, ஸ்ட்ரெச்சரை உள்ளே தள்ளினார்கள், அடிபட்டவர்களுக்கு நடுவில் இடம் வந்துவிட்டது, இவ்வளவு நேரம் இல்லாத இடம். என் வயசுக்கு ஐந்தாறு வருஷம்தான் கூட இருக்கும் அந்த டாக்டருக்கு, தூங்காத கண். "கடைசியா எப்ப சாப்பிட்டாரு?" "நேத்து ராத்திரி." "ஏன் சாப்பிடல?" "காக்கா வரல" என்றேன். எழுதிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார். ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். பிறகு அப்பாவின் நெற்றியைப் பார்த்தார், கரைந்த விபூதியைப் பார்த்தார், மறுபடி எழுதக் குனிந்துகொண்டார். இரண்டாவது முறை குத்திப் பார்த்தபோது சுகர் ஏறியிருந்தது. நல்ல எண்தான், எனக்கே தெரிகிற நல்ல எண். அப்பா விழிக்கவில்லை. "ஏறிருச்சுல்ல, ஏன் எந்திரிக்கல?" என்றேன். "ரொம்ப நேரம் கொறஞ்சே இருந்துருக்கு. சுகர் ஏறிருச்சு, மூளை முழிக்கணும். சில பேரு லேட்டா முழிப்பாங்க" என்றார். "சில பேரு?" என்றேன். அவர் பாட்டிலின் சொட்டைச் சரிசெய்யத் திரும்பிக்கொண்டார். பொய் சொல்லத் தெரியாத ஆள் போல. எனக்கு அவரைப் பிடித்தது, வெறுப்பாகவும் இருந்தது.

பாஸைத் திருப்பிக் கொடுக்க வெளியே வந்துவிட்டேன், சொன்ன சொல், அவர் மகள் தேடுவாள். சபுராம்மா அதை வாங்கி முந்தானையில் துடைத்தார், என் உள்ளங்கை வேர்வை அதில் அப்படி ஊறியிருந்தது. "முழிச்சாரா?" "இல்ல." "முழிப்பாரு. துவா செய்றேன்" என்று உள்ளே ஓடினார், அவரோடு வந்த பிள்ளைகள் சுவரோரம் உட்கார்ந்து இட்லி தின்றுகொண்டிருந்தன, சின்னது என்னைப் பார்த்து ஒரு இட்லியை நீட்டியது, பொட்டலத்தோடு. வாங்கிக்கொண்டேன். சரோசாக்கா தூரமாகப் போய் உட்கார்ந்திருந்தாள், என் பக்கம் வரவில்லை, முழங்காலில் முகத்தை வைத்திருந்தாள், எனக்குப் போய் ஏதாவது சொல்லத் தோன்றியது, ஒங்க மேல தப்பில்ல என்று, ஆனால் அது நிஜமா பொய்யா என்று தெரியவில்லை, தெரியாததை நான் சொல்வதில்லை. சித்தப்பா கொஞ்ச நேரம் கழித்து கம்பிக்கு அந்தப் பக்கம் வந்து நின்றார். போன் கையில் வெளிச்சமாக இருந்தது. "குடிக்கலையா அப்ப?" என்றார். "இல்ல." "இத்தன நாளாவுமா?" "இத்தன நாளாவும்." கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார், செக்யூரிட்டி அக்கா அவரைப் போகச் சொல்லவில்லை. "நீ உள்ள போறியா, நான் வெளிய நிக்கிறேன்" என்று தன் பாஸை நீட்டினார். வாங்கிக்கொண்டேன். போகத்தான் வேண்டும். ஒரு நிமிஷம். இருட்டிவிட்டது, அமாவாசை இருட்டு, அந்தக் காக்கா எப்போதோ கூட்டுக்குப் போயிருக்கும், பொட்டலக் காகிதம் மட்டும் சுவர் மேல் ஆடிக்கொண்டிருக்கிறது. அப்பா அன்றைக்கு உட்கார்ந்திருந்த இடத்துக்கு மேலே, சுவரில், இட்லியைப் பிட்டு வைத்தேன். கா என்று கூப்பிடக் கூச்சமாக இருந்தது, கூப்பிட்டேன், இட்லிக்காரர் திரும்பிப் பார்த்தார். வரவில்லை. இருட்டில் எந்தக் காக்காவும் வராது, இது சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். மொட்டைமாடியில் அந்த இலை இன்னும் அப்படியேதான் கிடக்கும், வடை காய்ந்திருக்கும், எறும்பு மொய்த்திருக்கும். அப்பா விழித்தால் என்னாச்சு என்று கேட்கமாட்டார், எங்கே இருக்கிறேன் என்று கேட்கமாட்டார், எனக்கு அவரைத் தெரியும். காக்கா வந்ததா என்றுதான் கேட்பார். வந்துச்சுப்பா, நீங்க தூங்குனதும் வந்துச்சு, வடையத்தான் மொதல்ல எடுத்துச்சு என்று சொல்லப்போகிறேன். உள்ளே நடக்கும்போதே சொல்லிப் பார்த்துக்கொள்கிறேன், முகம் மாறாமல், குரல் மாறாமல், வடையத்தான் மொதல்ல எடுத்துச்சு, வடையத்தான் மொதல்ல. நன்றாகத்தான் வருகிறது. அவர் கேட்டால் போதும்.